காளான் சார்

மூச்சு விட்டால் தண்டு ஆடும். ஆகவே இஞ்ஞாசி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். நெஞ்சுக்கடியில் விரித்திருந்த உரச்சாக்கின் மொரமொரப்பு சட்டையைத் தாண்டித் தோலில் உறுத்தியது, இடது முழங்கைக்குக் கீழே ஏதோ ஒரு கல், நகர்த்தலாம், நகர்த்தினால் கேமரா அசையும், கேமரா அசைந்தால் அந்தச் சட்டைப் பொத்தான் அளவுக் காளான்குடை திரையை விட்டுப் போய்விடும், பிறகு தேடிப் பிடிக்கவேண்டும். சாம்பல் நிறம். உச்சியில் மட்டும் பழுப்பாக ஒரு பொட்டு. பொட்டிலிருந்து விளிம்பு வரைக்கும் பாவாடைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இறங்கியிருந்தது. பின்னாலிருக்கிற புல் நிழலாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. விடியும்போது விரிந்து வெயில் ஏறுவதற்குள் சுருண்டு கறுத்துப்போகிற சாதி, இன்றைக்கு வானம் மூடாக்குப் போட்டிருந்ததால் மத்தியானம் தாண்டியும் நின்றுகொண்டிருந்தது. டீத்தூள் பாக்கெட்டைக் கிழித்து உள்பக்க வெள்ளித்தாளை மேலே பார்க்க வைத்து, குடைக்கு அடியில் கொஞ்சம் வெளிச்சத்தை ஏற்றிவிட்டிருந்தான். நன்றாகத்தான் இருந்தது. இந்த நேரத்தில் இது நன்றாக இருக்கிறது என்று படுகிறதே என்று கூசியது. சுற்றிலும் மண்வெட்டிச் சத்தம், புல் செதுக்குகிற சத்தம், பிள்ளைகள் ஓடுகிற சத்தம், ஈரச் சுண்ணாம்பு வாடை. கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைத் தோட்டத்துக்குள் வந்திருந்தது. அவரவர் குழிமேட்டைச் செதுக்கி, மண்ணை அணைத்து, பூ வைத்து, நான்கு மணிக்கெல்லாம் அவரவர் மேட்டின் பக்கத்தில் போய் நிற்பார்கள். பங்குச் சாமியார் வரிசை வரிசையாக வருவார். பேர் எழுதின கல்லறை என்றால் பேரைப் படித்து மந்திரிப்பார், பேரில்லாத மண்மேடு என்றால் நிற்கிறவர்களைப் பார்த்து "பேரு?" என்று கேட்டுத் தீர்த்தம் தெளிப்பார். நிற்கவேண்டும். எல்லாரும் எங்காவது நிற்கவேண்டும். இஞ்ஞாசியின் அப்பா சந்தியாகுவும் இந்தத் தோட்டத்துக்குள்தான் எங்கேயோ கிடந்தார். எங்கே என்று இஞ்ஞாசிக்குத் தெரியாது.

"என்ன காளான் சார், இன்னைக்குமா" என்றது தலைக்கு மேலே ஒரு குரல். ஜெசிந்தாக்கா. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள், புருஷன் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள், முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு. "செத்தவுகளுக்குப் பூ வைக்கிற நாள்ல நாய்க்குடைக்குப் போட்டோவா?" மூச்சு போய்விட்டது. குடை ஆடியது. "வெயில் இல்லக்கா, அதான் இன்னும் நிக்குது" என்றான். "நிக்கட்டும், நிக்கட்டும். நாய் காலத் தூக்குன எடத்துலதான் அது மொளைக்கும்னு எங்கம்மா சொல்லும். அங்க கொண்டுபோயி மூஞ்சிய வச்சிருக்கீக, பாத்துக்கங்க." பக்கத்தில் புல் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவள் திரும்பிக் கல்லறையோடு பேசத் தொடங்கியிருந்தாள். "உசுரோட இருந்தப்ப ஒரு நாளு வீட்டுக்கு வெள்ளையடிச்சிருப்பீகளா? நான் வருஷா வருஷம் ஒங்களுக்கு அடிக்கிறேன், பாருங்க, நல்லாப் பாருங்க." காளான் சார். இந்தப் பேரை அவனுக்கு வைத்ததும் அவள்தான். பின்லாந்திலிருந்து வந்த புதிதில், ஆடிக் காற்று அடங்கி முதல் மழை பெய்த வாரம், இங்கே வந்து குனிந்து குனிந்து சிலுவைகளில் பேர் பார்த்துக்கொண்டு நடந்தான். பாதிச் சிலுவைகளில் பேரே இல்லை, கறையான் தின்ற கட்டை, துருப்பிடித்த தகடு. அப்போது இவள் சுற்றுச்சுவர் ஓரத்தில் விறகு பொறுக்கியபடி, "என்ன தேடுறீக?" என்று கேட்டாள். அப்பாவைத் தேடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? பெருவிரலுக்குப் பக்கத்தில், ஒரு வேப்பங்குச்சியின் மேல், குண்டூசித் தலை மாதிரி ஒன்று சிவப்பாக நின்றது. "காளான்" என்றான். "காளான் தேடுறேன்கா, போட்டோ எடுக்க." கைப்பையில் கேமரா இருந்தது, அதையும் எடுத்துக் காட்டினான். அவள் அவனையும் குண்டூசியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "பின்லாந்துல இதுக்கெல்லாம் சம்பளம் தருவாகளா?" என்று கேட்டாள். அன்றைக்குத் தப்பித்தான். மறுநாளும் அதையே சொல்லித் தப்பித்தான். ஒரு பொய்க்குக் கால் முளைத்தால் நடக்கும், இதற்குக் குடையே முளைத்துவிட்டது.

ஆனால் முதல் பொய் அது இல்லை. முதல் பொய் அண்ணன் வீட்டில். சவரியப்பன் அண்ணன், பெரியப்பா மகன். அப்பாவுக்கு முடியாமல் போன கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றியதும் அவர், சவப்பெட்டி வாங்கியதும் அவர், குழிக்குள் முதல் பிடி மண் போட்டதும் அவர். போன வருஷம் அவருக்கே வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஊருக்கு வந்த அன்றைக்குப் பெட்டிகளோடு நேராக அங்கேதான் போய் இறங்கினான். கட்டிலில் சாய்ந்து கிடந்த அண்ணன் இவனைக் கண்டதும் இடது கையைத் தூக்கி, தோட்டம் இருக்கிற பக்கமாக, தெற்கே, எதையோ காட்டினார். வாயில் ஏதோ உருண்டது. "அப்பாவப் பாத்தாச்சாங்கிறாரு" என்றாள் பெர்னத்து மதினி. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஊருக்கு வந்தவன் முதலில் அங்கே போயிருக்கவேண்டும், யாருமே சொல்லாமல் போயிருக்கவேண்டும், போகவில்லை, டாக்ஸி ரயில்வே கேட்டைத் தாண்டும்போது கூடத் தோன்றவில்லை. அது அப்பா கொடி பிடித்து நின்ற கேட். "பாத்துட்டுத்தான் வர்றேன் அண்ணே" என்று சொன்னது அவனில்லை, அவன் வாய். "வர்ற வழியிலயே போய்ப் பாத்துட்டேன்." அண்ணனுடைய கண்ணிலிருந்து தண்ணீர் கோடாக இறங்கிக் காதுக்குள் போனது. மதினி முந்தானையால் துடைத்துவிட்டு, "சந்தோசம் அவருக்கு" என்றாள். சந்தோஷமா? அன்றையிலிருந்து அவன் விடாமல் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற முகம் அது. சந்தோஷமா, இல்லை, தெரிந்துதான் அழுதாரா? காலில் மண்ணில்லாமல், சட்டை கசங்காமல் நின்றவனைப் பார்த்து, இவன் போகவில்லை என்று தெரிந்து, சொல்ல வாயில்லாமல் அழுதாரா? தினமும் சாயங்காலம் போய் அவர் பக்கத்தில் உட்காருகிறான். அந்த இடத்தில் முதல் பிடி மண் போட்ட வலது கை இப்போது மடியில் துணி மாதிரி கிடக்கிறது. அவருக்கு நகம் வெட்டிவிடுகிறான். கேட்க முடியாது. அவரிடம் கேட்டுப் பலனில்லை, மதினியிடம் கேட்டால் பொய் வெளியே வந்துவிடும். ஒருமுறை மதினியே, "மேட்டுல புல்லு மண்டிக் கெடக்கா தம்பி? நான் இவர விட்டுட்டு நகர முடியல" என்றாள். "செதுக்கிட்டேன் மதினி" என்றான். செதுக்கிட்டேன். அவ்வளவு கூசாமல்.

மறுபடியும் குனிந்தான். குடையின் விளிம்பில் ஒரு எறும்பு வந்து நின்று, ஏறலாமா வேண்டாமா என்று மீசையை ஆட்டியது. எடு, இப்போது எடு. எடுத்தான். இது எதைத் தின்று வளருகிறது? மக்கின சருகை, சாணத்தை, மண்ணுக்குள் கிடக்கிற மரத்தை. மரம். கீழே இருக்கிற பெட்டி. அப்பாவின் பெட்டி என்ன மரம்? அதுவும் தெரியாது. அன்றைக்கு அடக்கத்தை அவன் செல்போனில்தான் பார்த்தான். இங்கே மழை, யாரோ ஒரு பையன் குடைக்குள்ளிருந்து போனைப் பிடித்திருந்தான், திரையில் முக்கால்வாசி குடைத்துணிதான் தெரிந்தது, கொஞ்சம் செம்மண், கொஞ்சம் கால்கள், செபம் விட்டு விட்டுக் கேட்டது, பிறகு படம் அப்படியே நின்றுவிட்டது, ஒரு செருப்பின் மேல். ரப்பர் செருப்பு, நீல வார். அந்தச் செருப்பைத்தான் அவன் கடைசியாகக் கும்பிட்டான். டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தான். கிடைக்கவில்லையா, தேடவில்லையா? தேடினான். தேடினதாக ஞாபகம். ஒரு தடவை தேடினான், விலையைப் பார்த்தான், கம்ப்யூட்டரை மூடினான், அப்படித்தானே? இல்லை, திறக்கவே இல்லையோ? இந்த இடத்தில் வந்து ஞாபகம் எப்போதும் ஒரு முள்ளில் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் கிழியும், விட்டுவிடுவான். பேர் எழுதிக் கல்லறை கட்டலாம் என்று அண்ணன் போனில் சொன்னபோது, அடுத்த தடவை வரும்போது நானே நின்று கட்டுகிறேன் என்றான். அடுத்த தடவை. கட்டாத மண்மேட்டை வருஷம் போனால் திரும்பத் தோண்டி வேறு ஆளைப் புதைப்பார்கள், இடம் இல்லையே, என்று கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்த நாளிலிருந்து ராத்திரி கண்ணை மூடினால் மண்வெட்டி. ஒருவேளை அப்பாவுக்கு மேல் வேறு யாராவது? ஒருவேளை ஜெசிந்தாக்காவின் புருஷன்? சே. அதனால் தேடினான், தேடாமல் இல்லை, மூன்று மாதமாகத் தேடினான், ஆனால் எந்த மேட்டைத் தேடினான்? புல் மண்டினது, சிலுவை சாய்ந்தது, ஒரு காய்ந்த மாலை கூட இல்லாதது. பிள்ளை இல்லாத மேடு மாதிரி எது தெரிகிறதோ அது. அப்படித்தானே இருக்கும் தன் அப்பாவுடையது? கடைசியில் இதோ, வேம்புக்குப் பக்கத்தில், இந்த மேட்டில் வந்து மனசு நின்றது. இந்த மூன்று மாதமும் இதற்கு ஒருத்தரும் வரவில்லை. அதுதான் ஒரே சாட்சி. இதில்தான் குடைகளும் கூட்டமாக முளைத்தன.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைத்தால் காது மடல் சுடும். நடுவில் எப்போதோ அவன் அப்பாவைத் தேடுவதை நிறுத்திவிட்டான். என்றைக்கு என்று சொல்லத் தெரியாது. பின்லாந்தில், கூட வேலை பார்த்தவர்களோடு காட்டுக்குள் போய்ப் பழகின பழக்கம், அங்கே எல்லாரும் கூடையில் சமையலுக்குப் பறிப்பார்கள், இவன் மட்டும் உதவாத பொடிசுகளைத் தேடிப் படமெடுப்பான். அங்கே அது வெறும் பொழுதுபோக்கு. இங்கே பொய்க்காகக் குனியத் தொடங்கினவன், ஒரு நாள் சாய்ந்த சிலுவையின் உளுத்த அடியில் பருப்பளவில் சின்னச் சின்னக் கிண்ணங்களைப் பார்த்தான். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் நாலைந்து கறுப்பு முட்டைகள், ஏதோ கடுகளவுப் பறவை கூடு கட்டி முட்டையிட்டுப் பறந்துபோன மாதிரி. அவை அப்படித்தான் இருக்கும், மழைத்துளி விழுந்தால் அந்த முட்டை தெறித்துப் போய் வேறு இடத்தில் முளைக்கும் என்று அவனுக்குத் தெரியும், படித்திருக்கிறான், நேரில் கண்டதில்லை. துளி விழுகிற கணத்துக்காக மூன்று நாள் காத்துக் கிடந்தான், தொப்பலாக நனைந்தான், சிரித்தான், தனியாக, வாய்விட்டு, கல்லறைத் தோட்டத்தில். வீட்டுக்குப் போய்த் தலை துவட்டும்போதுதான் உறைத்தது, இன்று முழுக்க அப்பா ஞாபகமே வரவில்லை. அந்தச் சிலுவையில் பேர் இருந்ததா என்று கூடப் பார்க்கவில்லை. அப்பா இப்படி இருக்கமாட்டார். ஓய்வு பெற்ற பிறகும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரயில் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார், வண்டி போய் முடிகிற வரைக்கும் நிற்பார், எச்சில் கையோடு. "யாரு பாக்கப் போறா, உக்காருங்க" என்று அம்மா கத்துவாள். போனில் அவனிடம் பேசினதெல்லாம் "சாப்ட்டியா", "குளுரா", "சரி வையி". அவ்வளவுதான். அந்த "சரி வையி"க்குப் பிறகு அவர் போனைக் காதிலேயே கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருப்பார் என்று அண்ணன் ஒருமுறை சொன்னார். சொல்லியிருக்கவேண்டாம்.

இன்றைக்கு ஒரே நம்பிக்கை மதினி. வருஷத்தில் ஒரு நாள், இந்த நாள், அவள் எப்படியும் வந்துவிடுவாள். அவள் நேராக மேட்டுக்குப் போவாள், அவன் இரண்டடி பின்னால் நடப்பான், அவள் நிற்கிற இடத்தில் நிற்பான், தீர்ந்தது. ஒரு கேள்வி இல்லை, ஒரு அசிங்கம் இல்லை. நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டுப் பேர் வெட்டிவிடலாம். இதை நேற்று ராத்திரியிலிருந்து படம் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டான். இரண்டடி போதுமா, மூன்றடியா, பூக்கூடையை வாங்கிக்கொண்டால் பின்னால் நடக்கக் காரணம் கிடைக்குமே. அதுவரைக்கும் இங்கே படுத்துக் கிடந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். காளான் சார் படுத்துக்கிடக்கிறார்.

"தம்பி, ஏன் மண்ணுல கெடக்கீங்க? எந்திரிங்க. சாமியாரு வாசலுக்கு வந்தாச்சு." மதினிதான். வெளிர்நீலப் புடவை, தலையில் முக்காடு, நடந்து வந்த மூச்சிரைப்பு. கூடையில் செவ்வந்தி, கோழிக்கொண்டை, மெழுகுத்திரிக் கட்டு. "அண்ணன்கிட்ட யாரு?" என்றான் எழுந்து முழங்காலைத் தட்டியபடி. "எதுத்த வீட்டு அக்காவ உக்கார வச்சிட்டு வந்தேன். வந்ததும் வராததுமா ஓடணும். போவோமா சின்ன மாமாகிட்ட?" "போவோம் மதினி. குடுங்க, கூடைய நான் தூக்கிட்டு வர்றேன், நீங்க நடங்க." அவள் கூடையைக் கொடுத்தாள். நடக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி வழி விட்டாள். "நீங்க முன்னால போங்க தம்பி." "பரவால்ல மதினி, நீங்க..." "அதெப்பிடி? மகன் வந்திருக்கறப்ப நான் முன்னால போனா நல்லாவா இருக்கும்? இத்தன வருஷம் வேற ஆளு இல்லாம நான் போனேன். நடங்க." கூடையின் பிடி உள்ளங்கையில் வழுக்கியது. இப்போது சொல்லலாம். சொல்ல ஒரு நிமிஷம் போதும். மதினி, எனக்கு இடம் தெரியாது. நாலே வார்த்தை. ஜெசிந்தாக்கா மட்டையைச் சுண்ணாம்பில் முக்கிக்கொண்டே பார்த்தாள், கோயில்பிள்ளை பார்த்தார், சாமியாரின் வெள்ளை அங்கி இரண்டு வரிசை தள்ளி அசைந்தது. அவன் எங்கேயும் நடக்கவில்லை. இரண்டடி எடுத்து வைத்தான், சற்று முன் நெஞ்சை வைத்துப் படுத்திருந்த அந்த மேட்டைச் சுற்றி, அதன் பக்கத்தில் போய் நின்றான். "இதான்" என்றான்.

"இதா?" என்றாள் மதினி. "இதான் மதினி." அவள் மேட்டைப் பார்த்தாள். வேம்பைப் பார்த்தாள். பிறகு திரும்பி, தூரத்தில், சுற்றுச்சுவர் பக்கமாக எதையோ பார்த்தாள். "நல்லாத் தெரியுமா தம்பி?" நல்லாத் தெரியுமா. அவள் குரலில் சந்தேகம் இல்லை, பயம் இருந்தது, அது அவனுக்கு விளங்கவில்லை, விளங்காததால் இன்னும் அழுத்தமாக, "தெரியாம என்ன மதினி, தெனம் வர்றேனே" என்றான். அவள் அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். குடைகள் மேல் புடவை படிந்தது, படிந்த இடத்தில் அவை சத்தமில்லாமல் நசுங்கின. உள்ளங்கையால் நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டாள். "மாமா, மன்னிச்சிருங்க மாமா. புத்தி கெட்டவ நான். அந்தச் சொவத்தோரம்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்." அவனுக்குக் காதில் ரயில் போகிற மாதிரி இரைந்தது. "எந்தச் சுவத்தோரம் மதினி?" "மூணாம் நாளு பால் ஊத்த ஒங்கண்ணன்தான் கூட்டிட்டு வந்தாரு. கொட்டுற மழையில தள்ளி நின்னு, இந்தா அங்கன்னு காட்டுனாரு. அன்னைக்கே ஒரு நித்தியகல்யாணிக் கொப்ப ஒடிச்சி ஊனிட்டுப் போனேன், அடையாளத்துக்கு. அது தழைஞ்சு வருஷம் முழுக்கப் பூக்குது. வருஷா வருஷம் நான் தனியா வந்து அங்கதான் திரி ஏத்துறேன். யாருக்கோ ஏத்திருக்கேன் தம்பி. யாருக்கோ அழுதிருக்கேன். மழையில எனக்குத்தான் எடம் தவறிருச்சு போல. நீங்க பெத்த புள்ள, படிச்சவுக, தெனம் வர்றீக, ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"

சுவரோர நித்தியகல்யாணி. அவனுக்குத் தெரியும் அந்த மேடு. ரோஜா நிறப் பூவும் கரும்பச்சை இலையுமாக, கரையெல்லாம் கல் பதித்து, மற்ற மேடுகள் கரைந்து தரையோடு போனபோதும் தூர்ந்து போகாமல் நிற்கிற மேடு. எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறான். தாண்டும்போதெல்லாம், யாரோ நல்ல பிள்ளைகளைப் பெற்ற புண்ணியவான் என்று நினைத்து வேகமாக நடந்திருக்கிறான். ஒரு நாள் கூட அங்கே குனிந்து பார்க்கவில்லை. யாரோ பார்த்துக்கொள்கிற மேடு தன் அப்பாவுடையதாக இருக்கமுடியாது என்று தீர்மானம் செய்தது யார்? அவன் தேடினது அப்பாவையா, தன்னைத்தானா? தன் லட்சணம் எந்த மேட்டில் தெரிகிறது என்றுதானே தேடியிருக்கிறான். மதினி பூவை எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு செவ்வந்தியாக, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து. சொல்லாமல் விட்டுவிடலாம். அவளே நம்பிவிட்டாள். பூ வைத்தாயிற்று. சாமியார் வருவார், பேரைக் கேட்பார், சந்தியாகு என்பான், தீர்த்தம் விழும், யாருடைய எலும்புக்கு விழுந்தால் என்ன, தீர்த்தம் தீர்த்தம்தானே. நாளைக்குக் கொத்தனார். பேர் வெட்டின கல் வந்துவிட்டால் பொய் கல்லாகிவிடும், கல்லை யார் கேள்வி கேட்பது? மேடு எதுவாக இருந்தாலும் செபம் போய்ச் சேருகிற இடத்தில் சேரும் என்று சாமியாரே பிரசங்கத்தில் சொன்னாரே. சொன்னார். இவள் இன்று ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பேச்சில்லாத மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒங்க சித்தப்பாவுக்கு இத்தனை நாளும் தப்பா ஏத்திட்டேன்னு சொல்லி அழுவாள். அவர் கேட்பார். அவருக்கு எது சரியான இடம் என்று தெரியும். அவரால் இல்லை என்று சொல்ல முடியாது. "நாளைக்கு வந்து அந்தச் செடியப் பிடுங்கிக் கொண்டாந்து இங்க வச்சிர்றேன் தம்பி" என்றாள் மதினி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அங்கனயே விட்டா நல்லா இருக்காது."

"பிடுங்காதீங்க மதினி" என்றான். குரல் தன்னுடையதாக இல்லை. "ஏன் தம்பி?" "அதான் அப்பா. அந்தச் சுவத்தோரந்தான். எனக்குத் தெரியாது மதினி. நான் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன், இது யாரோடதுன்னே எனக்குத் தெரியாது." அவள் பூ பிடித்த கையோடு நிமிர்ந்து பார்த்தாள். அவன் சொல்லிக்கொண்டே போனான், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்கிற மாதிரி. வந்த அன்னைக்கு இங்கே வரவில்லை, பார்த்தேன் என்று சொன்னது பொய், செதுக்கினேன் என்றது பொய், கேட்க வெட்கமாக இருந்தது, காளான் என்று சொல்லிக்கொண்டு சுற்றினேன். அவள் முகத்தில் கோபம் வரும் வரும் என்று பார்த்தான், வந்தால் தேவலை, வரவில்லை. கடைசியில், "அவரு அழுதாரே தம்பி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு எழுந்து, மெழுகுத்திரிக் கட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவன் பூக்களைத் திரும்பப் பொறுக்கக் குனிந்தபோது, "விடுங்க" என்றாள். "வச்சத எடுக்கக்கூடாது. இவுகளுக்கும் யாரும் வரல." திரும்பிப் பார்க்காமல் சுவரை நோக்கி நடந்தாள். அவன் காலிக் கூடை ஒரு கையில், கேமராவும் சாக்கும் ஒரு கையில், பின்னால் நடந்தான். இரண்டடி பின்னால்தான் நடந்தான். நேற்று ராத்திரி நினைத்தபடியே.

வழியில் ஜெசிந்தாக்கா மட்டையை நிறுத்திவிட்டு, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "என்ன காளான் சார், கூடையும் கையுமா? கல்லறை மாறிப்போச்சா?" என்றாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். சிரிப்பதற்குத் தயாராக இரண்டு பேர் திரும்பினார்கள். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போகலாம், மூன்று மாதமாக அப்படித்தானே போகிறான். நின்றான். "மாறலக்கா. எங்கப்பா எங்க இருக்காருன்னே எனக்குத் தெரியாது. இப்பத்தான் மதினி காட்டப் போறாங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை. மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டி அவள் புருஷன் பேர் மேல் கோடாக வழிந்தது, அவள் அதைக் கவனிக்கவில்லை. முதுகில் எத்தனை கண் என்று அவனுக்குத் தெரிந்தது, ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகச் சுட்டது. நடந்தான். சுவரோரத்தில் நித்தியகல்யாணி இடுப்பளவுக்குப் புதராக நின்றது. மதினி அதன் அடியில் உதிர்ந்திருந்த சருகைக் கையாலேயே கூட்டித் தள்ளிவிட்டு, கற்களுக்கு நடுவே திரிகளை ஒவ்வொன்றாக நட்டு, காற்றுக்கு முந்தானையை மறைப்பாகப் பிடித்துப் பற்றவைத்தாள். பூ இல்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. சாமியாரின் குரலும் மணியும் இந்த வரிசையின் முனைக்கு வந்துவிட்டன. அவன் கூடையைச் சுவரோரம் வைத்துவிட்டு, கேமராவை அதற்குள் போட்டு, சாக்கால் மூடினான். கை இரண்டும் காலியானதும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கோர்த்துக்கொண்டு, மேட்டின் ஒரு முனையில் போய்த் தலைகுனிந்து நின்றான்.

"அது தலைமாடு" என்றாள் மதினி. "கால்மாட்டுக்கு வாங்க."

அவன் சுற்றிக்கொண்டு போனான்.